ஐந்து நிமிடப் பேச்சு

"இன்னும் அஞ்சே அஞ்சு நிமிஷம் பாப்பா. அவரு பேசிட்டு இருக்காரு, அப்புறமா மாட்டலாம்."

காத்தாயி கெஞ்சியபடியே கட்டிலுக்கும் நர்ஸுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சாப்பிடறதுக்கு மட்டும்தாம்மா மாஸ்க்கைக் கழட்டணும். இட்லி முடிஞ்சிடுச்சே," என்றாள் நர்ஸ் மாஹிரா. "கெட்ட காத்து இன்னும் கொஞ்சம் எறங்கணும். நகருங்க."

தனகோட்டியின் மூக்கையும் வாயையும் சேர்த்து மாஸ்க்கை வைத்து, பட்டைகளை இழுத்து ஒட்டினாள். மிஷின் புஸ் புஸ்ஸென்று காற்றைத் தள்ளத் தொடங்கியது. அவர் பேச்சு பாதியில் நின்றது.

காத்தாயிக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஜன்னல் வரைக்கும் நடந்தாள். கோட்டை மலையில் வெயில் ஏறியிருந்தது. திரும்பக் கட்டிலுக்கே வந்தாள்.

ஒன்பது வருடமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாத புருஷன். ஒரே கூரை, ஒரே அடுப்பு. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் தட்டுவார். மற்றதெல்லாம், "அன்பு, உங்கம்மாகிட்ட சொல்லு" என்று மகள் வழியாக வரும். மகள் அன்புக்கரசி கல்யாணமாகி அனந்தபுரம் போன பிறகு அதுவும் இல்லை.

காரணம் காத்தாயிக்குத் தெரியும். மகன் இளவரசன் பைக் கேட்டு நச்சரித்தபோது, அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கம்மலை விற்று வாங்கிக் கொடுத்தவள் அவள். நாலே மாதம். திண்டிவனம் ரோட்டில் லாரி அடித்துப் போட்டது. கருமாதி முடிந்த அன்று மூடிய வாயை அவர் பிறகு அவளிடம் திறக்கவே இல்லை.

கல் குவாரித் தூசியும் பீடியும் சேர்ந்து அவர் நெஞ்சைப் பல வருடமாகத் தின்றுகொண்டிருந்தன. நேற்று மத்தியானம், ஆள் அடையாளம் தெரியாமல் உளறிக் கிடந்தவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தாள்.

"கெட்ட காத்து வெளிய போகாம ரத்தத்துல தேங்கிடுச்சும்மா," என்றார் டாக்டர். "அது மூளைக்கு ஏறினா என்ன பேசறோம்னு அவங்களுக்கே தெரியாது. இந்த மிஷின் அதை வெளியேத்தும். தெளிஞ்சிடுவாரு."

ராத்திரி அவளை உள்ளே விடவில்லை. வராந்தாவில் படுத்திருந்துவிட்டுக் காலையில்தான் வார்டுக்குள் வந்தாள். காபி கொடுக்க மாஸ்க்கைக் கழற்றியதும் அவர் அவளைப் பார்த்தார்.

"காத்தாயி... நீ சாப்டியா?"

காபி அவள் புடவையில் கொட்டியது. வெளியே ஓடி மகளுக்குப் போன் போட்டாள்.

"அன்பு, உங்க நைனா எங்கூட பேசுறாருடி!"

"எம்மா, டாக்டரு இன்னா சொன்னாரு? மூளைக்கு ஏறி இருக்குதுன்னு சொன்னாருல்ல? புத்தியோட இருந்தா நைனா ஒன்னாண்ட பேசுமா? ஆசைய வளத்துக்காத."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஆனால், இட்லி ஊட்டும்போது அவர் இன்னும் பேசினார். மூச்சு வாங்கி, விட்டு விட்டு.

"புள்ளைய நீ ஒன்னும் சாவடிக்கலடி... அன்னிக்கு பீடிக்கட்டு வாங்கியாடான்னு... வண்டி சாவிய எடுத்துக் குடுத்து அனுப்புனதே நான்தான்... அத ஒன் மூஞ்சியப் பாத்து எப்டி..."

அதற்குள்தான் மாஹிரா மாஸ்க்கோடு வந்துவிட்டாள்.

காத்தாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிஜமா, உளறலா? உளறலாகத்தான் இருக்கும். தெளிந்ததும் பழையபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளப் போகிறார்.

மாஹிரா அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாள். காத்தாயியின் கை, மாஸ்க் பட்டையை நோக்கிப் போனது. லேசாகத் தளர்த்தினால் போதும். கெட்ட காற்று கொஞ்சம் தங்கட்டும். இன்னும் ஒரே ஒரு நாள் பேசட்டும்.

பட்டை பிரிந்தது. காற்று பக்கவாட்டில் சீறியது. மிஷின் கீச் கீச்சென்று கத்த, அவர் விலா எலும்பெல்லாம் தெரிய மூச்சுக்குத் தவித்தார்.

பதறிப்போய் அவளே பட்டையை இழுத்து அழுத்தி ஒட்டினாள். கத்தல் நின்றது. மூச்சு மெல்லச் சீரானது.

"பேசாட்டிப் போய்யா," என்றாள். "மூச்ச வுட்டுக்கினு கெட. எனக்கு அது போதும்."

மாஹிரா ஓடிவந்தாள். "என்னம்மா சத்தம்?"

"நான்தான் பாப்பா, பட்டையத் தொட்டுட்டேன். இனிமே நானே கெஞ்சினாலும் கழட்டாத. சீக்கிரம் தெளியட்டும். காலைலேர்ந்து இன்னான்னாவோ உளர்றாரு."

"உளர்றாரா?" மாஹிரா புரியாமல் பார்த்தாள். "அவருக்கு நேத்து சாயங்காலமே தெளிஞ்சிடுச்சேம்மா! ரத்த டெஸ்ட்லயும் கெட்ட காத்து பாதிக்கு மேல எறங்கிடுச்சு. 'எம் பொண்டாட்டிய உள்ள வுடுங்க, அவகிட்ட ஒன்னு சொல்லணும்'னு விடிஞ்சதுலேர்ந்து எங்களை ஒரு வழி பண்ணிட்டாரு."

காத்தாயி சட்டென்று கட்டில் பக்கம் திரும்பினாள்.

மாஸ்க்குக்கு மேலே அவளையே பார்த்துக்கொண்டிருந்த கண்களைத் தனகோட்டி அவசரமாக இறுக்கி மூடிக்கொண்டார்.