அடுத்தவர் வாயால்

புகார்க் கடிதம் மேசையில் விரித்தபடி கிடந்தது. இந்தப் பக்கம் செவிலி. எதிரே, அப்பா இறந்து பன்னிரண்டு நாளான மகள்.

அவள் டீ வாங்கக் கீழே போன நேரத்தில் அப்பாவின் உயிர் போய்விட்டது. ஒரு போன் செய்திருந்தால் இரண்டே நிமிடத்தில் ஓடி வந்திருப்பாள். செவிலி கூப்பிடவில்லை. புகார் இதுதான்.

நடுவில் உட்கார்ந்திருந்த தலைமைச் செவிலிக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் சரி, யார் தப்பு என்று கேட்க மாட்டார். அடுத்தவர் சொன்னதைத் தானே சொல்வதுபோல் திருப்பிச் சொல்ல வைப்பார். "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மகள் கொட்டித் தீர்த்ததைச் செவிலி திருப்பிச் சொன்னாள். "நான் வந்தப்போ அப்பா முகத்தை மூடியிருந்தாங்க. கையில இருந்த டீயை எங்க வைக்கறதுன்னுகூட எனக்குத் தெரியல."

இத்தனை நாளில் மகளுக்கு ஆறுதல் சொன்னவர்கள் பலர். அந்த டீயைக் காதில் வாங்கியவர் இவள் ஒருத்திதான்.

அடுத்து செவிலி தன் பக்கத்தைச் சொன்னாள். மகள் வேண்டாவெறுப்பாகத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள்.

"நான் போனை எடுக்கத் திரும்பினேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. உதறிட்டுப் போக மனசு வரல. நான்... நான் அவர் கையை..."

மேலே சொல்ல முடியவில்லை. அந்த "நான்" நிஜமாகவே தானாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. பயந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல," என்றாள் செவிலி தரையைப் பார்த்தபடி. "'வாயாடி, வந்துட்டியா? என் மேல இன்னும் கோவமா?'ன்னு கேட்டாரு. யாரைக் கேக்கறாருன்னு புரியல. என்னையறியாம 'இல்லப்பா'ன்னுட்டேன். சொல்லியிருக்கக் கூடாது."

"அதுக்கு அப்பா?"

"'சரிம்மா'ன்னாரு. அவ்வளவுதான்."

அவளை 'வாயாடி' என்று கூப்பிடுவது அப்பா மட்டும்தான். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தலைமைச் செவிலி தேற்றப் போகவில்லை. எழுந்து கதவை மட்டும் சாத்தினார்.

அம்மாவின் சிகிச்சையை நிறுத்தலாமா கூடாதா என்று தொடங்கிய சண்டை அது. அம்மா போய் ஒன்பது வருடமாகியும் அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும் அவர் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார். அவளும் வீம்பில் அப்பனுக்குத் தப்பாத பெண்தான். கட்டிலருகே ஊமைபோல உட்கார்ந்திருந்தாள்.

அழுது முடித்துச் செவிலியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பக்கத்துல இருந்திருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன்க்கா. நல்லவேளை, நீங்க இருந்தீங்க."