கோட்டைத் தோட்டத்துக் கயிறு

காஜா பெராங் மேட்டில், துரையின் மாளிகையாகிவிட்ட டச்சுக்காரர்கள் கட்டிய பழைய உலாந்தாக் கோட்டை மீது மாலை வெயில் சாய்கிறது. பீரங்கி மேடைகளில் ரோஜாத் தொட்டிகள் நிற்கின்றன. புதிய நடைபாதைக்காக அய்யாவு முளையடித்துக் கட்டும் கயிறு, ஒரு சின்னக் கல்லருகே வந்ததும் விலகி வளைகிறது. கோட்டை பாழாய்க் கிடந்தபோது அவனும் தெய்வானையும் தங்கள் பால்குடி மகளைப் புதைத்த இடம் அது. "கயிறு கோணுதுங்க. தொர பாத்துடுவாரு" என்கிறாள் தெய்வானை. "உலாந்தாக்காரன் கட்டுன செவுரே கோணல்தான் புள்ள. இது ஒரு கோணலா?" என்று அவன் சிரிக்கப் பார்க்கிறான். மேல்மாடியிலிருந்து துரையின் பிரம்பு நேராக நீள்கிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் நீள்கிறது. அய்யாவு முளையைப் பிடுங்குகிறான். தெய்வானை கல்லைப் பெயர்த்து, ஒட்டிய மண்ணைத் தட்டாமலே மடியில் கட்டிக்கொள்கிறாள். கயிறு நேராகிறது.