வாங்க, சாப்பிடலாம்

“ஒரே ஒரு தடவை கூப்பிட்டதுக்கே உட்கார்ந்துட்டாரே மனுஷன்!”

ஸ்கூல் வாட்ச்மேன் வாசலைத் தாண்டினாரோ இல்லையோ, எங்க டீச்சர்ஸ் ரூம்ல ஒரே சிரிப்பு. ஆரம்பிச்சு வெச்சதே நான்தான்.

எங்க பிலிப்பைன்ஸ்ல இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாப்பிடும்போது யார் கடந்து போனாலும், ‘வாங்க, சாப்பிடலாம்’னு சொல்லணும். அவங்களும், ‘ஆச்சு, வயிறு நிறைஞ்சிருக்கு’ன்னு போயிடணும். நிஜமாவே சாப்பிடச் சொல்றவங்க மூணு தடவை கூப்பிடுவாங்க, கையைப் பிடிச்சு இழுப்பாங்க.

கேட்ல நிற்கிற மாங் கிரிசாந்தோவுக்கு இது தெரியாதா என்ன? அறுபது வயசு ஆளு, அதான் பேருக்கு முன்னாடி மரியாதைக்கு ‘மாங்’. வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து தினமும் மதியம் தபால் கொண்டுவருவார். நாங்க கூப்பிடுவோம். அவர் வயித்தைத் தட்டிக் காட்டிட்டுப் போவார்.

அன்னிக்கும் தலையைக்கூட நிமிர்த்தாமத்தான் கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார். வேற வழி? சோறு போட்டேன். என் கோழி அடோபோக் குழம்புல பாதி காலி.

“உன் கைமணம் அப்படி, மரிவிக்!” என்றாள் தெல்மா.

“கைமணமாவது! நாகரிகம் தெரியாத ஜென்மம்.”

மறுநாள் அவர் சாப்பிட்டதை நடிச்சே காட்டினேன். தட்டுமேல குனிஞ்சு, ரெண்டு கன்னத்தையும் உப்பிக்கிட்டு. தெல்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு. நிமிர்ந்து பார்த்தா, வாசல்ல தபாலோட அவர்.

“வா… வாங்க, சாப்பிடலாம்” என்றேன்.

“ஆச்சு மேடம். வயிறு நிறைஞ்சிருக்கு.”

அதுக்கப்புறம் தபாலை ஆபீஸ்லயே கொடுத்துட்டுப் போயிடுவார்.

அடுத்த திங்கட்கிழமை, கொடியேத்தும்போது கேட் பக்கம் தடால்னு சத்தம். மாங் கிரிசாந்தோ மயங்கிக் கிடந்தார்.

“வயித்துல ஒண்ணுமே இல்லை” என்றாள் ஸ்கூல் நர்ஸ். “பெண்டாட்டிக்கு டயாலிசிஸாம். சம்பளம் பூரா அதுக்கே போயிடுது. ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடு. மதியம் வெறும் தண்ணிதானாம், நாலு மாசமா.”

எனக்கு முகத்தை எங்கே வெச்சுக்கறதுன்னு தெரியலை. மதியம் என் டப்பாவை அப்படியே எடுத்துக்கிட்டு கேட்ல இருக்கிற அவர் காவல் கூண்டுக்கு ஓடினேன்.

“ஏன் மாங் கிரிசாந்தோ, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க என்ன, சோறு போட மாட்டோமா? சாப்பிடுங்க. சாப்பிடுங்க, பெரியவரே. கெஞ்சிக் கேட்கறேன், சாப்பிடுங்க!”

மூணு தடவை கூப்பிட்டாச்சு. அவர் டப்பாவைத் தொடலை. எழுந்து தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டார்.

“தினமும் கூப்பிட்டீங்க மேடம். ஒரே ஒரு நாள் நம்பிட்டேன். என் தப்புதான், மன்னிச்சுடுங்க.”