எண்ணிப் பார்த்த இருமல்

“ஒரு தடவை இருமினா ‘அ’. ரெண்டு தடவைன்னா ‘ஆ’. மூணு தடவை—”

“மூணாவது தடவையில எனக்கு மூச்சே நின்னுடும் சார், இதுல நான் எங்க ‘இ’யும் ‘ஈ’யும்—”

“என்னைப் பேசி முடிக்க விடுங்க டீச்சர்.”

“எட்டு மாசமா என்னையும்தான் யாரும் ஒரு வாக்கியம் பேசி முடிக்க விடலை. இந்த இருமல் விட்டாத்தானே!”

தேர்வு அதிகாரி பேனாவை மேசைமேல் போட்டார். தலைமையாசிரியரின் அறைதான், விசாரணை வெளியே கேட்கக்கூடாதென்று ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தார்கள். எதிரே கணக்கு டீச்சர், மடி நிறைய எக்ஸ்ரே உறைகளோடு. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘லொக்கு டீச்சர்’.

போன மாதம் அந்தப் பள்ளியில் குமாஸ்தா வேலைக்கான தேர்வு நடந்தது. நூறு கேள்வி, கேள்விக்கு நான்கு விடை, சரியான கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் இருமி இருமியே ஒருத்திக்கு விடை சொன்னாள் என்று பின்வரிசைக்காரர் ஒருவர் புகார் எழுதிப் போட்டுவிட்டார். நிரூபணமானால் பதினெட்டு வருஷ வேலை போய்விடும்.

“இதுக்குப் பேரு வியாதி சார்.” உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “நுரையீரல் டாக்டர், சுத்தமா இருக்குன்னார். தொண்டை டாக்டர், கண்ணாடி மாதிரி இருக்குன்னார். கடைசியா வயித்து டாக்டர். வயித்துல இருக்கற அமிலம் மேல ஏறித் தொண்டையைச் சுரண்டலாமாம்.”

“சுரண்டலாம்னா? நிச்சயமா சொல்லலியா?”

“அவர் நிச்சயமா சொன்னா நான் நிம்மதியா இருமிட்டுப் போவேனே!”

காபி போயிற்று. புளிப்பு போயிற்று. ராச்சாப்பாடு ஆறரைக்கே முடிந்தது. புருஷன் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்திக் கொடுத்தவள், வேலை கிடைக்காமல் வீட்டோடு இருக்கும் நாத்தனார். வேளாவேளைக்கு வெந்நீர் ஆற்றித் தருபவளும் அவளே.

அப்படியும் தொண்டைக்குள் ஒரு நூல் தொங்கிக்கொண்டே இருந்தது. விழுங்கினால் போகாது, செருமினால் அறாது. கல்யாண வீடு, துக்க வீடு, எங்கே போனாலும் இருமல் முன்னதாகப் போய் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும்.

இப்போதும் அந்த நூல் அசைந்தது. உதட்டைக் கடித்தாள். மூச்சைப் பிடித்தாள். கண்தான் பிதுங்கியது. லொக். லொக். லொக். லொக்.

அதிகாரி விரல்விட்டு எண்ணினார். “நாலு. இது ‘ஈ’யா?”

“இது உங்க தலைக்கு மேல சுத்தற ஃபேன் தூசி சார்.”

“பெரிய ஹால் வேண்டாம், சின்ன அறை குடுங்கன்னு நீங்களே கேட்டு வாங்கியிருக்கீங்க.”

“இருநூறு பேர் சாபத்துக்கு இருபது பேர் சாபம் தேவலைன்னுதான்.”

“மூணாவது வரிசைப் பொண்ணு நீங்க இருமும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்திருக்கா.”

“நான் இருமினா பஸ் டிரைவரே திரும்பிப் பாக்கறார். அவர் என்ன பரீட்சையா எழுதறார்?”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருமி அதை மறைத்துக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், அந்த அறையில எனக்கு வந்த இருமலை நிறுத்த முடிஞ்சிருந்தா, என் குழந்தை மேல சத்தியமா நிறுத்தியிருப்பேன். மாத்திரை போட்டேன், வெந்நீர் குடிச்சேன், இருமல் மிட்டாயை மாத்தி மாத்தி வாயில அடக்கினேன். பாழாப்போனது நிக்கவே இல்ல.”

அந்தக் குரலில் துளிப் பொய் இல்லை. எத்தனையோ விசாரணை பார்த்த அதிகாரிக்கு அது புரிந்தது. பெருமூச்சு விட்டபடி, அரக்கு வைத்த உறையைக் கிழித்து மூன்றாவது வரிசைப் பெண்ணின் விடைத்தாளை வெளியே எடுத்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தே விட்டது.

“பத்தொன்பது! நூத்துக்குப் பத்தொன்பது! கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் ‘அ’ போட்டிருந்தாக்கூட இருபத்தஞ்சாவது தேறியிருக்கும். ஒரு கணக்கு டீச்சர் சொல்லிக் குடுத்து வாங்கற மார்க்கா இது?”

“பத்தொன்பதா?” அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

“அழாதீங்கம்மா, பழி தீர்ந்துதுன்னு நெனைச்சுக்குங்க. போய் உடம்பைப் பாருங்க.” ‘புகாருக்கு ஆதாரம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜன்னலையும் அவரே எழுந்து போய்த் திறந்துவிட்டார்.

பஸ்ஸில் வழக்கம்போலப் பக்கத்து இருக்கை காலி. வீட்டில் மணியை அடிக்கும் முன்பே கதவு திறந்தது. வெந்நீர் டம்ளரோடு நாத்தனார் நின்றிருந்தாள்.

“வேலை தப்பிச்சுதா அண்ணி?”

“தப்பிச்சுது.”

டம்ளரை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள் டீச்சர். ஏதோ கேட்க வாயெடுத்தாள். லொக், லொக். சற்று விட்டு, லொக். பிறகு லொக், லொக், லொக்.

நாத்தனாரின் கண் கலங்கியது.

“அன்னிக்குப் பரீட்சை அறையிலயும் இப்படியேதானே அண்ணி இருமினீங்க! இதுல எது விடை, எது வியாதின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?”