கவுத்தான்

"மறுபடியும் கவுத்துட்டாரு சார்!"

மேலாளர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வந்தாள் அவள். வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்து நின்றான் நொட்டை. மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது அவனுக்குச் சம்பள வேலை. மற்ற எல்லாவற்றிலும் இலவசமாகவே கண்டுபிடிப்பான். பெயர் வந்த வழி அதுதான்.

"யாரு, எதைக் கவுத்தாரு? முதல்லேருந்து சொல்லும்மா."

மேலாளர் முன்பு கல்லூரியில் பாடம் நடத்தியவர். எதையும் முதலிலிருந்துதான் கேட்பார்.

"வேற யாரு, கவுத்தான்தான். நான் கட்டின கிளஸ்டரை!"

கிளஸ்டர் என்பது பல கணினிகள் சேர்ந்து ஒரே கணினி போல வேலை செய்யும் கூட்டம். அவை மேகத்தில் இருக்கின்றன என்பார்கள். அதற்காக அண்ணாந்து பார்க்க வேண்டாம். எங்கோ ஒரு கொட்டகையில் யாரோ வாடகைக்கு விட்டிருக்கும் கணினிகள்தாம்.

வாடிக்கையாளர் ஒரு செருப்புக் கம்பெனி. எந்த ஊரில் எந்த அளவுச் செருப்பு எவ்வளவு விற்கிறது என்று கேட்ட நொடியில் சொல்லும் தரவுத்தளம் அவர்களுக்கு வேண்டும். போன மாதம் வரை அது ஒரு மேகத்தில் இருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து வந்தவள், அதைக் கன்டெய்னர் என்னும் பொட்டலங்களாகக் கட்டி வேறொரு மேகத்தில் ஏற்றினாள். இப்போது வெள்ளோட்டம்.

ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கணினிகளில் ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் அணைத்துவிடுவார் கவுத்தான். அலுவலகத்திலேயே மூத்தவர். பேச்சு ரொம்பக் குறைவு.

"திங்கட்கிழமை ஒரு கணினியை அணைச்சாரு சார். தரவோட மூணு நகலும் மொத்தமாப் படுத்துடுச்சு."

"மூணுமா? ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிக்கட்டும்னுதானேம்மா மூணு வெக்கிறோம்?"

அவள் குரல் இறங்கியது. "மூணும் ஒரே கணினியில உட்கார்ந்திருந்துச்சு சார்."

"தொலைஞ்சுடும்னு பயந்து மூணு சாவி செஞ்சு, மூணையும் ஒரே வளையத்துல மாட்டின கதை" என்றான் நொட்டை.

"நீ வாயை மூடு. அதைச் சரி பண்ணிட்டேன் சார், இப்போ நகலுக்கு ஒரு கணினி. புதன்கிழமை திரும்பவும் அணைச்சாரு. கன்டெய்னர் தானா வேற கட்டடத்துல எழுந்துடுச்சு. தரவு இருக்கிற டிஸ்க் மட்டும் பழைய கட்டடத்துலயே நின்னுடுச்சு."

"கால் ஒரு வீட்டுல, செருப்பு ஒரு வீட்டுல."

"சார், இவனை வெளியே போகச் சொல்லுங்க! அதையும் சரி பண்ணேன். இன்னிக்கு இப்பத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறேன், மறுபடி அணைச்சுட்டாரு."

"இன்னிக்கு என்ன போச்சு?"

"ஒண்ணும் போகல. தானா எழுந்துடுச்சு. என் பசிதான் போச்சு."

மேலாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்குப் புரியல சார். பிள்ளை பெத்துட்டு வந்தவளுக்கு மூளை துருப்பிடிச்சுப் போச்சுன்னு ஊருக்குக் காட்டறாரு. போன மாசம் ஒரு தடவையாவது கவுத்தாரான்னு கேளுங்க!"

"இல்ல சார்" என்று நொட்டையே ஒப்புக்கொண்டான். "இவ வந்த பிறகுதான்."

"ஒண்ணு, இந்த வேலையில அவர் இருக்கட்டும். இல்லேன்னா நான் இருக்கேன்."

கவுத்தானுக்கு ஆள் போனது. காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார்.

"ஏன் சார் அணைச்சீங்க?" என்று கேட்டார் மேலாளர்.

"விழுதான்னு பார்க்க."

"விழலைன்னா?"

"சந்தோஷம்."

"இன்னிக்குப் பேச வேண்டியதைப் பேசி முடிச்சுட்டாரு" என்று நொட்டை முணுமுணுத்தான்.

"முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் அவள்.

"கணினி சொல்லிட்டா விழும்?"

மேலாளர் தாடையைத் தடவினார். "சரி, இப்படிச் செய்யுங்க. பகல்ல இவங்க வேலையைக் கெடுக்காதீங்க. உங்க சோதனையை ராத்திரியில வெச்சுக்குங்க."

"ராத்திரி முடியாது."

"ஏன், தூக்கம் கெட்டுடுமோ?" என்றாள் அவள்.

"ஆமா" என்றார் கவுத்தான்.

"பார்த்தீங்களா சார்!"

மேலாளர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "இதோ பாருங்க. உங்களை வேற வேலைக்கு மாத்தணும்னு இவங்க கேக்கறாங்க. மாத்தக் கூடாதுன்னா எனக்கு ஒரு காரணம் வேணும்."

கவுத்தான் கோப்பைக்குள்ளே பார்த்தார்.

"மாத்துங்க. ஆனா மாசக் கடைசி வரைக்கும் விடுங்க."

"அதென்ன மாசக் கடைசி?"

"செருப்புக் கடைக் கணக்கெல்லாம் ராத்திரிதான் வந்து குவியுது. எது விழுந்தாலும் போன் அலறும். எழுந்து பார்க்கிற முறை இந்த மாசம் இவங்களுது. விழறதெல்லாம் பகல்லயே, நாம எல்லாரும் இருக்கும்போதே விழுந்து தொலையட்டும்."

அவள் ஒரு நாற்காலியைக் கவுத்தான் பக்கம் இழுத்துப் போட்டாள்.

நொட்டை குறுக்கே பாய்ந்தான்.

"அண்ணே, இது அநியாயம்! போன மாசம் என் முறை. தினம் ராத்திரி போன் அலறி, கண்ணுல கட்டெறும்பு கடிச்ச மாதிரி வந்து உட்கார்ந்தேனே, அப்போ ஒரு தடவையாவது பகல்ல கவுத்தீங்களா?"

கவுத்தான் மீதிக் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"உனக்கென்ன, பால் குடிக்கிற பிள்ளையா இருக்கு?"