பட்டை ஒட்டிய போத்தல்

"எட்டு மணிக்கு வரச் சொன்னா பத்தரைக்கு வந்து நிக்கிற. நீயெல்லாம் பார்மசி படிச்சு யாரைக் காப்பாத்தப் போற?"

பொன்னையாவுக்கு அன்று விடிந்ததிலிருந்தே எரிச்சல். பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் அவர்தான் டாக்டர் ஐயா, அவர்தான் மருந்தும் கலக்க வேண்டும். காலை ஆறு மணியிலிருந்தே பெஞ்சு நிறைய ஆட்கள். ஆளுக்கொரு காலிப் போத்தல். எல்லாம் ஒரே மாதிரிச் சாராயப் போத்தல். அதில் எது யாருடையது என்று பார்த்து ஊற்றிக் கொடுப்பதற்குள் மனுஷனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

குடிக்கிற மருந்தென்றால் வேளைக்கு ஒரு வெட்டாக ஓரம் வெட்டிய காகிதப் பட்டையைப் போத்தலில் ஒட்ட வேண்டும். தடவுகிற மருந்துக்குப் பட்டை கிடையாது. ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பசை.

சற்றுமுன் சிவசாமிக் கிழவர் வேறு வந்து கழுத்தறுத்தார்.

"ஐயா, காலையில முழங்காலுக்குத் தடவக் குடுத்தீங்களே, அது பிசுபிசுன்னு ஒட்டுதுங்க. எறும்பு மொய்க்குது."

"எறும்புக்கும் நான்தான் வைத்தியம் பாக்கணுமா? போய் உக்காரும்!"

அந்த நேரம் பார்த்துத்தான் அழகம்மா வந்தாள். வீரய்யா கங்காணியின் மகள். காலெல்லாம் சேறு, தோளில் ஒரு பன்புல் பை. கொழும்பில் பார்மசி படிக்க விண்ணப்பம் போடுகிறாள். மார்க் குறைந்தவர்களுக்கு, பொன்னையாவைப் போல வேலையில் இருக்கும் டிஸ்பென்சர் ஒருவர் கடிதம் கொடுத்தால்தான் அங்கே இடம். அது பன்னிரண்டு மணித் தபால் பையில் போயாக வேண்டும். தவறினால் படிப்பு அவ்வளவுதான்.

பொன்னையா அவளுடைய எஸ்.எஸ்.சி. தாளைப் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"ஒரு கிரெடிட் உண்டா? எல்லாம் தட்டுத்தடுமாறிப் பாஸ். கெமிஸ்ட்ரி ரெண்டாந்தடவை! மருந்து கலக்கிறதுன்னா சோத்துக்கு உப்புப் போடுற மாதிரின்னு நெனச்சியா புள்ள? கவனம் வேணும். ஒண்ணு மாறிப் போச்சுன்னா உசுரு போயிரும்."

"ஆமாங்க ஐயா."

"என்ன ஆமா? ரெண்டரை மணி நேரம் எங்க போயிருந்த?"

"கீழ இருக்கிற பணிய லயத்து வீடுகளுக்குங்க."

"கதை பேசவா?"

அழகம்மா பெஞ்சைப் பார்த்தாள். "ஐயா, ஒங்ககிட்ட அஞ்சு நிமிஷம் தனியாப் பேசணுங்க."

"லெட்டர் கேக்க என்ன தனியா? பையில என்ன, போத்தலா? நெய்யா, தேனா? அதக் குடுத்து லெட்டர் வாங்கிடலாம்னு பாக்குறியா?"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. அழகம்மா முகம் சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். பையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அது பொன்னையாவின் எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது. பேனாவை எடுத்தார். 'நேரம் தவறுபவர். கவனம் போதாது. மருந்து கலக்கும் பொறுப்புக்கு ஏற்றவர் அல்லர்' என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தபால்கார ஆண்டியப்பனின் பைப்பக்கம் எறிந்தார்.

அதன்பிறகும் அவள் போகவில்லை. ஒரு மூலையில் நின்றாள். கடைசி ஆள் போய்ப் பெஞ்சு காலியானதும் பையிலிருந்த போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதத்தாங்க ஐயா, தனியாக் காட்டணும்னு சொன்னேன்."

பட்டை ஒட்டிய போத்தல். மேலே ஒட்டியிருந்த சீட்டில் அவர் கையெழுத்தேதான்: 'ராக்காயி மகன். இருமல். மூன்று வேளை.'

பொன்னையா தக்கையைத் திறந்தார். கற்பூரத் தைலத்தின் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. முழங்காலுக்குத் தடவுகிற மருந்து!

"புள்ள... குடிச்சிருச்சா?"

"இல்லைங்க. இங்க வர்ற வழியில ராக்காயி அக்கா கூப்பிட்டு, எத்தனை வெட்டுக் குடுக்கணும்னு பாக்கச் சொன்னாங்க. தொறந்ததும் வாசம் வேற மாதிரி இருந்துச்சு. போத்தல்ல விரிசல் இருக்கு, மாத்தி வாங்கிட்டு வாரேன்னு சொல்லி எடுத்துட்டு வந்துட்டேன். புள்ளையோட இருமல் மருந்து சிவசாமி மாமா முழங்கால்ல இருக்கு."

"அதுக்கா ரெண்டரை மணி நேரம்?"

"வேற எதுவும் மாறியிருக்குமோன்னு பயந்து, இன்னிக்குக் காலையில மருந்து வாங்கின பதினோரு வீட்டுக்கும் போய்ப் பாத்தேங்க. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

பொன்னையா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தனை பேருக்கு முன்னால ஒன்ன அப்படிப் பேசினேனே... அப்பவே இதத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருக்கலாங்க. அப்புறம் நாளைக்கு ஒங்க கையால யாரு மருந்து வாங்கிக் குடிப்பாங்க? நம்ம தோட்டத்துக்கு வேற டாக்டரா இருக்காங்க?"

வெளியே ஆண்டியப்பன் பையைத் தூக்கித் தோளில் போட்டான்.

"ஆண்டியப்பா, நில்லு!" பொன்னையா ஓடிப்போய் உறையைப் பிடுங்கிக் கிழித்தார். புதிய தாளில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

'இவர் கலந்து தரும் மருந்தை நான் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன்.'