பருப்பு வேகாத தண்ணீர்

தோட்டத்து வீட்டுக்குக் கரண்டு வந்த அன்றே ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரும் ஓடியது. முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்த சென்னியப்பன், "இளநியாட்டம் இருக்குது" என்று மனைவி துளசிமணியின் தலையிலும் தெளித்தான். அவள் இனி இரண்டு காடு தாண்டிச் செல்லாத்தாளின் கிணற்றுக்குப் போய்க் குடம் சுமக்க வேண்டாம். அதற்காகத்தான் அவன் கரண்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தான்.

சுற்றிலும் மனுஷ வாடை இல்லாத காடு. கல்யாணமாகி வந்த நாளாய் அவள் வாய்விட்டுச் சிரித்ததும் அழுததும் செல்லாத்தாளோடு அந்தக் கிணற்றடியில்தான்.

மறுநாள் காலையில் அவள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?"

"நம்ம தண்ணி உப்புங்க. பருப்புகூட வேக மாட்டேங்குது."

அவன் முகம் சுண்டிவிட்டது. சொம்பில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தான். தன் நாக்கின் மேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்தது. அந்நேரம், இன்னும் ஆளைக் காணோமே என்று செல்லாத்தாளே வந்து சேர்ந்தாள். சொம்பை அவளிடம் நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்கக்கா. இது உப்பா?"

செல்லாத்தாள் அண்ணாந்து குடித்தாள். கொஞ்சம் நின்று, இன்னொரு வாயும் குடித்தாள். துளசிமணியின் இடுப்பிலிருந்த குடத்தைப் பார்த்தாள்.

"கரிக்குது சாமி. குடிக்கறதுக்கு அங்கயே வந்து எடுத்துக்கட்டும்."

உள்ளே அடுப்பில், அந்தத் தண்ணீரில் போட்ட பருப்பு குழைந்து பொங்கி வழிந்து, அதன் வாசம் வாசல்வரை வந்தது. மூவரில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.